அட்டை ஓவியத்துக்கு ஒருமுறை கொடுத்த பணம் எத்தனை பதிப்புக்கு?

ஒரு நூல் மறுபதிப்புக்குப் போகிறது. தாளுக்குப் பணம், அச்சகத்துக்குப் பணம், பைண்டிங்குக்குப் பணம், எழுத்தாளருக்கு ராயல்டி. அட்டை ஓவியத்துக்கு மட்டும் முதல் பதிப்பில் கொடுத்ததோடு சரி. அதே படம் மின்நூலுக்கும் போகிறது, ஒலிநூல் முகப்புக்கும் புத்தகக் காட்சி பேனருக்கும் போகிறது. இது அநியாயம். ஒவ்வொரு மறுபயன்பாட்டுக்கும் ஓவியருக்குப் பணம் சேர வேண்டும்.

“அதான் காசு கொடுத்தாச்சே” என்பார்கள் பதிப்பாளர்கள். கொடுமை என்னவென்றால், எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் சட்டமும் பல நேரம் அவர்கள் பக்கம்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், படைத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஆனால் ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவரே உரிமையாளர். ஃப்ரீலான்ஸ் ஓவியர்கள் பலர் இதை நேர்மாறாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பத்திரிகையில் சம்பளத்துக்கு வரைபவர் நிலை இதைவிட மேல்: வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, இதழில் வெளியிடும் உரிமைதான் நிறுவனத்துக்கு. தொடர்கதை நூலாகும்போது அதே படங்களைச் சேர்க்க ஓவியரைக் கேட்டாக வேண்டும்.

ஆகவே பென்சிலை எடுக்கும் முன்பே ஒரு மின்னஞ்சல் போகட்டும்: “தமிழ் அச்சு நூல், முதல் பதிப்பு, 500 படிகள், இந்தியாவில் விற்பனை, தொகை இவ்வளவு. பதிப்புரிமை ஓவியருடையது. மறுபதிப்பு, மின்நூல், மொழிபெயர்ப்பு, விளம்பரம் தனித்தனி.” சம்மதம் என்று பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

உரிமையை எழுதிக் கொடுப்பதாக இருந்தால் 19ஆம் பிரிவைப் பாருங்கள். எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வவுச்சரில் பொடி எழுத்தில் “உலகெங்கும், நிரந்தரமாக” என்றிருந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கோப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். ஐந்தரைக்கு எட்டரை அங்குல அட்டைக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 1650 × 2550 பிக்சல், ஓரம் வெட்டுவதற்கு விடும் இடம் தனி. பணம் வரும்வரை 600 பிக்சல் அகல மாதிரி போதும். லேயர் பிரிந்த கோப்பை, அதாவது படத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி அடுக்காக இருக்கும் கோப்பை, கொடுக்கவே வேண்டாம்; கொடுத்தால், நீங்கள் வரைந்த பெண் உருவம் மட்டும் கழன்று வேறொரு நாவலின் அட்டையில் போய் நிற்கும்.

எவ்வளவு கேட்பது? மறுபதிப்புக்கு முதல் தொகையில் கால் பங்கு என்பது என் கணக்கு. 6,000 ரூபாய் ஓவியத்துக்கு 1,500. 500 படி அடித்தால் ஒரு படிக்கு 3 ரூபாய். இது எந்தப் பதிப்பகத்தையும் கவிழ்க்காது. 200 படி அடிக்கும் சின்னப் பதிப்பாளரின் சிரமம் உண்மையானது. அவரிடம் முதல் தொகையைக் குறைத்துக்கொண்டு, விற்க விற்க வாங்கலாம். ஆர்டருக்கேற்ப அடிப்பவர்களுக்குப் பதிப்புக் கணக்கே கிடையாது என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கைக் கேளுங்கள்.

எல்லா உரிமையும் விற்றுப் போனாலும் 57ஆம் பிரிவு ஓவியரிடமே இருக்கிறது: படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமை, பெயருக்கு இழுக்கு வரும்படி சிதைத்தால் தடுக்கும் உரிமை. டெல்லியில் உள்ள அரசு மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் இந்திய அரசு மீதே வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் சொன்னது. அட்டையில் கையொப்பத்தை வெட்டிவிட்டு, உள்பக்கத்தில் “வடிவமைப்பு” என்று லேஅவுட் செய்தவர் பெயரை மட்டும் போடும் பதிப்பாளர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.