கஜானா நிரம்பியது சரி, அண்ணா

ஞாயிற்றுக்கிழமை நம் மாதக் கூட்டத்தில் அண்ணன் ஒருவர் ஆளுநர் ஜார்ஜ் கிரேயைப் புகழ்ந்து பேசியபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்தேன். நேற்று இரவு வாட்ஸாப் குழுவில், "சிலருக்கு எதிலாவது குறை கண்டுபிடிக்காவிட்டால் சோறு இறங்காது" என்று ஒரு செய்தி வந்தது. பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அன்று கையைத் தூக்கிக் கேள்வி கேட்டவள் நான் ஒருத்திதான். சோறு நன்றாகவே இறங்கியது என்று முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

வராதவர்களுக்காக ஒரு வரி. பிரிட்டிஷ் குடியேற்றமான தெற்கு ஆஸ்திரேலிய மாகாணத்தின் இரண்டாவது ஆளுநர் கௌலர் ஊதாரி. அவரை அடுத்து வந்த ஜார்ஜ் கிரே, திவாலான மாகாணத்தைத் தூக்கி நிறுத்திய மகா நிர்வாகி. இதுதான் பேச்சின் சாரம். நான் பதினேழு ஆண்டுகளாக இதே அடிலெய்டில் கணக்கெழுதிப் பிழைப்பவள். கணக்கு நேரானால் நிர்வாகமும் நேர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை பரபரக்கும். இரண்டும் ஒன்றல்ல. கணக்குப் புத்தகத்தில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று முடிவு செய்பவரும் அதே நிர்வாகிதான்.

முதலில் இந்த 'ஊதாரி'யைப் பார்ப்போம். கௌலர் 1838 அக்டோபரில் வந்து இறங்கினார். வந்த கப்பலின் பெயர் பெஸ்தோன்ஜி பொமன்ஜி. பார்சிப் பெயர், எனக்கு அதில் ஓர் அற்ப மகிழ்ச்சி. வந்து பார்த்தால் நிலத்தை லண்டனிலேயே காகிதத்தில் விற்றுவிட்டிருந்தார்கள். அந்தப் பணத்தில் கூலியாட்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டும் இருந்தார்கள். நிலத்தை அளந்து கல் நட மட்டும் ஆள் போதவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் நிலம் எங்கே என்று தெரியாமல் நகரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நிலத்தை நல்ல விலைக்கு விற்று அந்தக் காசில் கூலியாட்களை வரவழைக்கும் இந்தத் திட்டத்தை உருவாக்கிய வேக்ஃபீல்டு என்ற மேதை, அதை எழுதத் தொடங்கியது நியூகேட் சிறையில். பணக்கார வீட்டுப் பள்ளிச் சிறுமி ஒருத்தியை ஏமாற்றிக் கடத்தி மணந்ததற்காக உள்ளே இருந்தார். அண்ணனின் திரையில் இது வரவில்லை. நேரம் போதவில்லை போலும்.

கௌலர் நில அளவையை முடுக்கினார், சாலை போட்டார், ஆளுநர் மாளிகை கட்டினார், சிறைச்சாலை கட்டினார். வேலையில்லாமல் நின்றவர்களுக்கு அதிலேயே கூலி கொடுத்தார். செலவை லண்டன் பெயரில் பில் எழுதினார். 1840இல் லண்டன் அந்தப் பில்களுக்குப் பணம் தர மறுத்தது. ஆட்களை அனுப்பியதும் லண்டன்தான், அவர்களுக்கு வேலை கொடுத்தவரை ஊதாரி என்றதும் லண்டன்தான்.

பழைய சிறைச்சாலைக்கு என் மகளை அழைத்துப் போயிருக்கிறேன். கோட்டைபோலக் கல்லில் மகுடம் வைத்த கோபுரம். "ஜெயிலுக்கு எதற்கம்மா இவ்வளவு அலங்காரம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் நானும் கௌலரின் பில்லில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

1841 மே மாதம் 29 வயது கிரே வந்தார். கூலியைக் குறைத்தார், கட்டுமானத்தை நிறுத்தினார், ஆட்களைக் கிராமப்புறத்துக்குத் தள்ளினார். அடிலெய்டில் வீடுகள் காலியாகிக் கிடந்தன. இதைச் சிக்கனம் என்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொடுத்த 1,55,000 பவுண்டு? 1842இல் கபுண்டாவில் கண்ணில் பட்ட செம்பு? 1843இல் ரிட்லி செய்த அறுவடை இயந்திரம்? 1845இல் புர்ரா சுரங்கம்? செம்பையும் கிரேதான் இரவோடு இரவாகப் புதைத்து வைத்தாரா? கௌலர் அளக்க வைத்த நிலத்தில் கோதுமை விளைந்தது, கௌலர் கட்டிய மாளிகையில் கிரே தூங்கினார்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று கேட்பீர்கள். என் அப்பா ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர். ஒரு வறட்சி ஆண்டில், அனுமதி வருவதற்குள் கிணறுகளை ஆழப்படுத்தச் சொல்லிவிட்டார் அங்கிருந்த அதிகாரி. அனுமதி வரவில்லை, இடமாற்ற உத்தரவுதான் வந்தது. அடுத்து வந்தவர் முதல் வேலையாகக் கூலிப் பட்டியலை நிறுத்தினார். அப்பா சிவப்பு மையில் ஒவ்வொரு பெயராக அடித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஸ்கேல் வைத்துத்தான் அடித்தார், கோடு கோணலாகிவிடக் கூடாதாம். பெயர் போனவர்கள் காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நீர்மோர் கொடுத்தாள். இரண்டாம் ஆண்டு மழை பெய்தது, கிணறு நிரம்பியது, புதிய அதிகாரிக்குப் பாராட்டுக் கூட்டம். அப்பாதான் வரவேற்புரை எழுதிக் கொடுத்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. சோறு இறங்காதது அவருக்குத்தான், எனக்கல்ல.

ஆனால் ஞாயிறன்று நான் கேட்டது இதைக்கூட அல்ல. ரூஃபஸ் ஆற்றைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. கிரே பதவியேற்ற நான்காவது மாதம், 1841 ஆகஸ்டு 27. ஆட்டு மந்தைகளை ஓட்டி வந்தவர்களுக்கும் மரௌரா பழங்குடி மக்களுக்கும் மோதல். கிரே அனுப்பிய போலீஸ் படையும் மந்தைக்காரர்களும் சேர்ந்து சுட்டார்கள். அரசுத் தரப்புக் கணக்குப்படியே சுமார் 30 பேர் செத்தார்கள். படையுடன் போன அதிகாரி மூர்ஹவுஸ். அவருடைய பதவியின் பெயர் என்ன தெரியுமா? பழங்குடியினர் பாதுகாவலர். பிறகு விசாரணை நடந்தது, செய்தது நியாயம் என்று முடிந்தது. இந்த 30 பேர் எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் அண்ணா? இதைத்தான் கேட்டேன். "அரசியல் வேண்டாமே தங்கச்சி" என்றார். முன்வரிசை சிரித்தது.

அப்படியானால் கௌலர் உத்தமரா என்பார்கள். இல்லை. 1840இல் மரியா கப்பல் உடைந்து கரையேறியவர்கள் கொல்லப்பட்டபோது, இரண்டு ஙாரின்ஜெரி பழங்குடி ஆண்களை நீதிமன்றமே இல்லாமல் தூக்கிலிட்டது அவருடைய ஆட்சிதான். நான் அவருக்குச் சிலை கேட்கவில்லை.

கிரே நல்லதே செய்யவில்லையா என்பார்கள். பழங்குடியினரின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்க 1844இல் சட்டம் கொண்டுவந்தார். சரி. மேலே போவோம்.

"அந்தக் காலத்தை இந்தக் காலத்தின் அளவுகோலால் அளக்காதே" என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பதில். அளவுகோல் என்னுடையதல்ல, அவர்களுடையது. 1836இல் இந்த மாகாணத்தை நிறுவி பிரிட்டிஷ் மன்னர் நான்காம் வில்லியம் கொடுத்த ஆணையிலேயே, மண்ணின் மக்கள் வாழ்ந்து அனுபவிக்கும் நிலத்தில் அவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் உள்ள உரிமையை இது பாதிக்காது என்று எழுதியிருக்கிறது. ஆணை பெட்டிக்குள் இருந்தது, நிலம் விலைக்குப் போனது. அடிலெய்டு மண்ணின் பழங்குடியான கௌர்னா மக்களுக்கு இந்த நகரத்தின் சில துண்டு நிலங்களில் உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது 2018இல். 1836க்கும் 2018க்கும் இடையே எத்தனை ஆண்டு என்று கூட்டத்தில் கைதட்டியவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். கணக்கு பிடிக்கும் அல்லவா?

இன்னொரு செய்தியும் வந்தது. "இந்த நாட்டு உப்பைத் தின்றுவிட்டு..." என்று தொடங்கியது. முழுவதும் எழுதவில்லை, மூன்று புள்ளி வைத்திருந்தார்கள். அந்த மூன்று புள்ளிதான் மூன்று நாளாகக் குத்துகிறது. இதே ஊரில் வரி கட்டுகிறேன், இதே ஊரில் பிள்ளை வளர்க்கிறேன். நான் தின்னும் உப்பு யாருடையது என்றுதானே கேட்கிறேன்? நம் மொழியை யாராவது பள்ளியிலிருந்து எடுத்தால் என்ன ஆட்டம் ஆடுவோம்! இங்கே டோரன்ஸ் நதிக்கரையில், பில்டாவோட்லி என்ற இடத்தில், இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் கௌர்னா மொழியிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். 1845இல் அந்தப் பள்ளி மூடப்பட்டு, பிள்ளைகள் ஆங்கிலம் மட்டும் சொல்லித்தரும் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் பாதிரிகள் எழுதிவைத்த இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் கொண்டுதான் இன்று கௌர்னா மக்களின் வழிவந்தவர்கள் தங்கள் மொழியைத் திரும்பக் கூட்டிச் சேர்க்கிறார்கள். சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிற நமக்கு இது அரசியலாம்.

அடுத்த மாதத் தலைப்பு "நியூசிலாந்தில் கிரே" என்று அழைப்பிதழ் வந்திருக்கிறது. 1863இல் அங்கே மாவோரி மக்களின் வைக்காட்டோ பகுதிக்குள் படையை அனுப்பியவரும் இதே கிரேதான், பின்னால் அங்கே பறிமுதலான நிலம் பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல். நான் வருவேன். எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், முன்வரிசையிலேயே.