லாய் சீ வோ யாருடைய ஊர்?

ஹாங்காங்கில் பல வருடமாக இருக்கும் நண்பர்கள்கூட லாய் சீ வோ பக்கம் போனதில்லை என்கிறார்கள். வடகிழக்கு மூலையில், ஹக்கா என்ற சீன இனக்குழுவினர் வாழ்ந்த கிராமம் அது. சாலை கிடையாது. விடுமுறை நாளில் மா லியு சுய் துறையில் படகேறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். இல்லையென்றால் மலைப்பாதையில் நடக்க வேண்டும்.

போன மாதம் போனபோது படகில் ஒருவர் வருத்தப்பட்டார்: "இப்போது வெளியாட்கள் வந்து பயிர் செய்கிறார்கள். அப்புறம் அது எப்படி ஹக்கா ஊர்?"

எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹக்கா என்ற சொல்லுக்கே 'விருந்தாளிக் குடும்பம்' என்றுதான் பொருள். 1660களில் சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு கடலோர மக்களை வீடு வாசலை விட்டு உள்நாட்டுக்கு விரட்டியது. 1669இல் கடலோரத்தில் வாழ இருந்த தடை தளர்ந்த பிறகு, காலியாகக் கிடந்த மண்ணைத் தேடி வந்தவர்களில் ஹக்கா மக்கள் ஏராளம். நல்ல சமவெளி வயல்கள் முன்பே இருந்த புந்தி மக்களின் கையில். இவர்களுக்கு மிஞ்சியது மலைச்சரிவும் குடாவும். அந்தச் சரிவை வெட்டிப் படிப்படியாக வயலாக்கினார்கள். பெண்கள், அன்றைய சீன வழக்கப்படி பாதம் சிறுக்க இறுக்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள், கறுப்புத் துணி தொங்கும் தொப்பி போட்டுக்கொண்டு ஆண்களுக்குச் சமமாக உழைத்தவர்கள். வோங், சாங் என்ற இரண்டு வம்சங்கள் 300 ஆண்டுகளுக்கு மேலாக இங்கே சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன.

என்னை நிற்க வைத்தது ஊருக்குப் பின்னால் இருக்கும் காடுதான். ஃபெங் சுய் என்ற, நம் வாஸ்து போன்ற சீன நம்பிக்கையில், அங்கே மரம் வெட்டக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. காற்றைத் தடுத்து, மண்ணைப் பிடித்து, ஓடையைக் காப்பாற்றியது அந்தக் கட்டுப்பாடு. ஐந்து விரல்போல் கிளைத்த ஒரு கற்பூர மரம் இருக்கிறது. ஒரு விரல் இப்போது இல்லை. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது படையினர் வெட்ட வந்ததாகவும், ஊரார் மறித்ததால் மற்ற நான்கும் தப்பியதாகவும் சொல்கிறார்கள். போர்க்காலத்தில் ஒரு மரத்துக்காகத் துப்பாக்கிக்கு எதிரே நின்றிருக்கிறார்கள்!

அப்படிப்பட்டவர்களே கிளம்ப வேண்டி வந்தது. இறக்குமதி அரிசி மலிந்தது, நெல் கட்டுப்படியாகவில்லை. 1950, 60களில் இளைஞர்கள் உணவகங்களில் வேலை செய்ய பிரிட்டனுக்குப் போனார்கள், பிறகு குடும்பங்களும். வயல்களில் புதர் மண்டியது. பல வீடுகளின் கூரை விழுந்தது.

2013இல் ஹாங்காங் பல்கலைக்கழகம் ஊராரோடு சேர்ந்து மறுபடி பயிர் வைத்தது. 2020இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதுகளில் சிறப்பு அங்கீகாரம் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கடல் கடந்து இருக்கும் உரிமையாளர்கள், முன்பின் தெரியாதவர்களை நம்பித் தாத்தா வெட்டிய வயலைக் கொடுத்தார்களே, அது.

பத்து ஆண்டுக்கு ஒருமுறை சுற்றியுள்ள ஏழு கிராமங்களும் சேர்ந்து எடுக்கும் தா சியூ என்ற நன்றி வழிபாட்டுத் திருவிழாவுக்கு, பிரிட்டனிலிருந்தும் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். அவர்கள் வந்து இறங்கும்போது வயலில் தண்ணீர் நிற்கிறது, ஓடை தூர்ந்துபோகவில்லை. அதைப் பார்த்துக்கொள்கிறவர்களின் குடும்பப் பெயர் வோங்கோ சாங்கோ இல்லாவிட்டால் என்ன? என் கணக்கில் அவர்களும் ஹக்காக்கள்தான்.