லாக் புக்கில் எழுதியிருந்த ஒரே சொல்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரத்மலானைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். போன மாதம் ஒரு இரவு ஷிப்டில், பேக்கிங் லைன் கன்வேயரை நிறுத்தும்போதெல்லாம் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பிழை காட்டி ட்ரிப் ஆனது. திரையில் எஃப்30002 என்ற பிழைக் கோட். புதிதாகச் சேர்ந்த தம்பி மெனுவலைத் தேடவில்லை, போனை எடுத்து ஏஐயிடம் கேட்டான். அரை நிமிடத்தில் பதில் வந்தது: டிரைவுக்குள் இருக்கும் டிசி லிங்க் வோல்டேஜ் கூடிவிட்டது, வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது, நிற்க எடுக்கும் நேரத்துக்கான செட்டிங் பி1121ஐக் கூட்டி மெதுவாக நிற்க விடுங்கள். அவ்வளவும் சரி. நான் படித்த காலத்தில் இதை யாரும் இத்தனை தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

"3 செக்கனை 8 ஆக்கட்டுமா அண்ணா?" என்றான். பொறு என்றேன். எங்கள் லைனில் பாதுகாப்புக் கதவைத் திறந்தாலும் கன்வேயர் அதே கணக்கில்தான் நிற்கும். (இது பிழையான வயரிங் என்று மூன்று தரம் எழுதிக் கொடுத்தாயிற்று, அது வேறு கதை.) 8 செக்கன் என்றால், கதவைத் திறந்து கையை விடுகிறவனின் நிலைமையை யோசியுங்கள். போனுக்கு அந்தக் கதவு தெரியாது. நாங்கள் சொல்லவும் இல்லை.

அப்புறம் எங்கள் பாஸ் வந்தார், ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கிற சிங்களவர். "நேற்று வரைக்கும் ஒழுங்காக நின்றதுதானே மல்லி (தம்பி), யார் என்ன மாற்றினது?" யாரும் எதையும் மாற்றவில்லை. பவரை வெட்டி, கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக்கிங் ரிசிஸ்டரின் பெட்டியைத் திறந்தார். வயர் முனையில் இருக்கும் ஒரு லக் கருகிக் கழன்று கிடந்தது. திரும்பி வந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. புது லக் அடித்து இறுக்க 20 நிமிடம்.

ஏஐயைக் குறை சொல்ல முடியாது. ரிசிஸ்டரைப் பாருங்கள் என்று அதன் பதிலிலும் நாலாவதாக இருந்தது. நாங்கள்தான் முதல் வரியோடு நின்றுவிட்டோம்.

பிறகு லாக் புக்கைப் புரட்டினேன். 2019இலும் இதே டிரைவ், இதே கோட். பக்கத்தில் ஒரே ஒரு சிங்களச் சொல்: "ஹரி", அதாவது "சரி". எது ஹரி, எப்படி ஹரி?

2023இல் ஸீமென்ஸும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து இன்டஸ்ட்ரியல் கோபைலட் என்று தொழிற்சாலைகளுக்கான ஏஐ உதவியாளர் ஒன்றை அறிவித்தார்கள். அது வந்ததிலிருந்து இங்கேயும் மீட்டிங் தவறாமல் "நாங்களும் ஏஐ போடுவோம்" என்ற பேச்சு. போடுங்கள், எனக்கும் ஆசைதான். சீன மொழியில் மட்டும் மெனுவலோடு வந்த லேபல் மெஷினை நான் ஓட்டியதே, பக்கங்களைப் படமெடுத்து ஏஐயிடம் தமிழில் கேட்டுத்தான். மெஷின்கள் தங்களுக்குள் பேசும் மொட்பஸில் ஒரு முகவரியை 40001 என்று மெனுவல் சொன்னால் சில இடங்களில் 0 என்று போட வேண்டும் என்பதையும் அதுதான் ஞாபகப்படுத்தியது. படிக்க, தேட, மொழிபெயர்க்க அதை நம்பி விடலாம். மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரான பிஎல்சிக்குள் நேரே எழுத மட்டும் விட மாட்டேன். அது எழுதித் தரும் புரோகிராமை ஒரு மனிதன் வரி வரியாகப் பார்த்து, லைனை வெறுமையாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

ஆனால் இந்த மாதிரிக் கருவிக்கு எங்கள் தொழிற்சாலையைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் எங்கள் பதிவேட்டைத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது படிப்பது பக்கம் பக்கமாக "ஹரி". 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கை தேர்ந்தவர்கள் பலர் விமானம் ஏறிவிட்டார்கள், அவர்கள் தலைக்குள் இருந்ததும் கூடவே போய்விட்டது. லைசன்ஸுக்குக் கொட்டப் போகிற காசில் கொஞ்சத்தை, ஷிப்ட் முடிவில் எழுதுவதற்கென்று 15 நிமிடம் ஒதுக்கச் செலவழித்தால் என்ன?

இப்போது தேநீர் நேரத்தில் பாஸைப் பேசவிட்டு போனில் பதிகிறேன். முதல் நாள் ஒரே ஒரு மோட்டாரைப் பற்றிப் பேசினார். 2022இல் இறக்குமதிக்கு வங்கியில் எல்.சி. (கடனுறுதிப் பத்திரம்) திறக்க முடியாத நேரம் அதற்கு 6308 சி3 பேரிங் (உள்ளே இடைவெளி கூடிய வகை) கிடைக்கவில்லையாம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தை வரை தேடிப்போய், கடைசியில் சாதாரண 6308 ஒன்றைப் போட்டு ஓட்டினாராம்.

"பிறகு எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டேன்.

"மாற்றவில்லையே மல்லி."