நீ என்ன இனம் என்று கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்று கேளுங்கள்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. அமெரிக்காவில் இருக்கும் தம்பி முறைக்காரன் ஒருவன் எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி டிஎன்ஏ அறிக்கை வாங்கியிருக்கிறான். வண்ண வண்ணமாக ஒரு உலகப் படம், இத்தனை சதவீதம் தென்னிந்தியா, கொஞ்சம் மத்திய ஆசியா என்று. உடனே ஒரு மாமா, "அப்பவே சொன்னேன், நம்ம வம்சத்துல எல்லாருக்கும் மூக்கு எடுப்பா இருக்கும்" என்று போட்டார். அதற்கு இருபது பேர் கைதட்டல்.

மூக்கு! நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த மூக்கு நம்மை விடவில்லை. 1901 கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் போட்டு, மூக்கு அகலமாக ஆக சாதியில் இடம் கீழே போகும் என்று ஒரு கொள்கையே வைத்திருந்தார். இங்கே சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மண்டையையும் மூக்கையும் அளந்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி போட்டார். எங்கள் சேர்வராயன் மலை மக்களும் அதில் இருக்கிறார்கள். அன்றைக்கு அரசாங்கத்துக்கு மனிதர்களை அடுக்கி வைக்க ஒரு அலமாரி தேவைப்பட்டது, அளவுக் கருவி அதற்காக வந்தது. என் கட்சி இதுதான்: இன எல்லை என்பது உடம்பில் இருந்து யாரோ கண்டுபிடித்து எடுப்பது இல்லை. எதையோ பங்கு போட வேண்டும், யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்று சொல்லியாக வேண்டும், அப்போதுதான் கோடு வருகிறது. காரணம் பிறகு தேடப்படுகிறது.

நம்பாதவர்கள் பகத் சிங் திந்த் வழக்கைப் பாருங்கள். பஞ்சாபி சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய சட்டப்படி வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும்தான் அங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி. 1922 நவம்பரில் டகாவோ ஓசாவா என்ற ஜப்பானியர், என் தோல் வெள்ளைதானே என்று கேட்டபோது, தோல் கணக்கில்லை, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம் (ஐரோப்பியரை அன்றைய இன ஆராய்ச்சி வைத்த வகை) என்றது உச்ச நீதிமன்றம். சரி, அப்படியானால் நான் காக்கேசியன்தானே, உயர்சாதி ஆரியன் என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்களே என்று திந்த் போனார். 1923 பிப்ரவரியில், விஞ்ஞானம் கிடக்கட்டும், தெருவில் போகிற சாதாரண ஆள் உன்னை வெள்ளையன் என்பானா என்று கேட்டுத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். இரண்டு தீர்ப்பையும் எழுதியது ஒரே நீதிபதி! இடைவெளி மூன்று மாதம். அதற்குப் பிறகு ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடம் இருந்து அதைப் பிடுங்கினார்கள். திந்த் தன் வாதத்தில் சாதிப் பெருமையைக் கொண்டு போனதும் எனக்குக் கசக்கிறது, ஆனால் அது வேறு கதை. அதே அமெரிக்கக் கணக்கெடுப்பில் நம் ஆட்கள் 1930இல் 'இந்து' என்ற இனம் (சீக்கியரும் முஸ்லிமும்கூட!), 1970இல் வெள்ளையர், 1980இல் ஆசிய இந்தியர். ஒரே ஆள் வீட்டை விட்டு வெளியே வராமலே மூன்று இனமாக வாழ்ந்து முடித்திருக்கலாம்.

அமெரிக்கா தூரம் என்றால் இங்கேயே வாருங்கள். நான் ஏற்காட்டில் இ-சேவை மையம் நடத்துகிறேன். என் கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சாதிச் சான்றிதழுக்குத்தான் வருகிறார்கள். இந்த மலையின் மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ்தான் பேசுகிறார்கள்) பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் இருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி ஒருவர் சேர்வராயனுக்கும் ஒருவர் கொல்லிமலைக்கும் ஒருவர் பச்சைமலைக்கும் போனதாக அவர்களே கதை சொல்வார்கள். சட்டத்துக்கு அந்தக் கதையால் ஒன்றும் ஆகப்போவதில்லை, பட்டியல் மாவட்டம் பார்க்கிறது. சேலம், தருமபுரி, பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, திருச்சி மாவட்டங்களில் இருந்தால் மலையாளி பழங்குடி. கோயம்புத்தூர் அதில் இல்லை. 1979இல் கோயம்புத்தூரைப் பிரித்துத்தான் ஈரோடு மாவட்டம் வந்தது, அதனால் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருக்கிற மலையாளி பழங்குடி இல்லை. கொல்லிமலைக்காரர் தப்பித்தார், ஏனென்றால் 1997இல் உருவான நாமக்கல் சேலத்தில் இருந்து பிரிந்தது. சேலம் மாவட்ட மலைக்கும் பர்கூருக்கும் சொந்தபந்தம் உண்டு. மாமன் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கும், அத்தை பிள்ளைக்குக் கிடைக்காது. ரத்தம் எங்கே போயிற்று?

பட்டியலில் இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். சான்றிதழ் கோட்டாட்சியரிடம் இருந்து வர வேண்டும், சந்தேகம் என்றால் விசாரணை. உங்கள் குலதெய்வம் என்ன, கல்யாணத்தில் என்ன சடங்கு, சாவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேள்வி வரும். சேலம் டவுனில் வளர்ந்து கோரிமேட்டில் வாடகைக்கு இருக்கிற பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? படித்து முன்னுக்கு வா என்பதும் நீங்கள்தான், வந்தபின் பழங்குடி மாதிரித் தெரியவில்லையே என்பதும் நீங்கள்தான். நல்லவேளை, இந்தச் சடங்குப் பரிசோதனையை மட்டுமே வைத்து முடிவு கட்டக் கூடாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. கீழே இருக்கிற மேசைகளுக்கு அது வந்து சேர எத்தனை காலம் ஆகுமோ.

ஆங்கிலோ இந்தியர் கதை இன்னும் வேடிக்கை. அரசியலமைப்பின் 366ஆவது பிரிவுப்படி அப்பா வழியில் ஓர் ஆண் முன்னோர் ஐரோப்பியராக இருக்க வேண்டும், இந்தியாவில் நிலையாகக் குடியிருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறந்திருக்க வேண்டும். அம்மா பற்றிப் பேச்சே இல்லை. வீட்டில் கேக்கும் கிறிஸ்துமஸும் ஆங்கிலமுமாக வளர்த்த அம்மா ஆங்கிலோ இந்தியராக இருந்தாலும் அப்பா நம்ம ஊர் ஆள் என்றால் பிள்ளை கணக்கில் இல்லை. 2019இல் மக்களவை நியமன இடங்களை எடுத்தபோது, நாட்டிலேயே 296 ஆங்கிலோ இந்தியர்தான் என்று அமைச்சர் 2011 கணக்கைக் காட்டினார். அந்தச் சமூகம் கொதித்துப் போனது. இடம் கொடுக்கும்போது ஒரு வரையறை, எடுக்கும்போது ஒரு எண்ணிக்கை.

இதைச் சொன்னால் சிலர் குதித்து வருவார்கள், இனமே பொய் என்றால் இடஒதுக்கீட்டையும் எடுத்துவிடலாமே என்று. மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே குழுவுக்குள்தான் இருக்கிறது என்று மரபியல் விஞ்ஞானி ரிச்சர்ட் லெவொன்டின் 1972இலேயே காட்டினார், உண்மை. ஆனால் கோடு மனிதன் போட்டது என்பதால் அது போட்ட காயமும் கற்பனை ஆகிவிடாது. இலங்கையில் 1911 கணக்கெடுப்பு தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்தது. 1948இல் சட்டம் வந்து தோட்டங்களில் இருந்த லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்களில் சேலம், திருச்சிப் பக்கத்தில் இருந்து போனவர்களின் பிள்ளைகளும் உண்டு.

மேலிருந்து போடுகிற கோட்டையும் கீழே இருப்பவர் போடுகிற கோட்டையும் ஒன்றாக வைக்க என்னால் முடியாது. 1944 ஆகஸ்ட் 27 அன்று இதே சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. தமிழர் என்று வைத்தால் மொழியைச் சொல்லிப் பார்ப்பனரும் உள்ளே வந்துவிடுவார் என்பது பெரியார் சொன்ன காரணம். அதில் அந்தக் கால இன ஆராய்ச்சியின் வாடை இருக்கிறது, எனக்கு அது உறுத்தல்தான். ஆனால் யார் மூக்கையும் அளக்கவில்லை, படிக்கட்டில் யார் எங்கே நிற்க வைக்கப்பட்டார் என்றுதான் கேட்டார்கள். இப்போது சிலர் வீட்டில் என்ன மொழி பேசுகிறாய் என்று கேட்டுத் தூய தமிழன் சான்றிதழ் கொடுக்கிறார்களே, அது வேறு ரகம். அம்மாபேட்டையில் சௌராஷ்டிரமும், குகையில் தெலுங்கும் கன்னடமும் பேசித் தறி ஓட்டிய வீடுகளை எடுத்துவிட்டால் சேலத்தில் என்னதான் மிச்சம்?

2027 கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கப் போகிறார்கள். கேட்கட்டும், நான் ஆதரிக்கிறேன். அதோடு பர்கூர் மலையாளிகளின் கோரிக்கையையும் யாராவது எடுத்துப் பேசினால் நன்றாக இருக்கும். மாநிலத்துக்குள் இருந்த இந்த வட்டாரக் கட்டுப்பாடுகளை நீக்கத்தான் 1976இல் சட்டமே வந்தது, ஆனாலும் மலையாளிகளுக்கு மாவட்டப் பெயர்கள் ஒட்டிக்கொண்டே நிற்கின்றன. நாடாளுமன்றம் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும். நம் எம்பிக்களிடம் போய் இதைக் கேளுங்கள், மூக்கு ஆராய்ச்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.