ஷீட் மேல் ஆளை ஏற்றும் முன்

கோடை மழைக் காற்று சுழற்றியடித்த மறுநாள் காலையில் அம்மாபேட்டை பக்கம் வந்து பாருங்கள். தறிக்கூடத்துக்குத் தறிக்கூடம் ஏணி சாத்தியிருக்கும். மேலே ஒருவர் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பார். எங்கள் கூடத்திலும் அப்படித்தான் ஒரு அண்ணன் ஏறினார். இருபது வருடமாகக் கூரை ஷீட் மாற்றுகிறவர். "போல்ட் வரிசை மேலயே நடந்தா ஒண்ணும் ஆகாதுங்க தம்பி" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். பத்து மணிக்குள் ஷீட்டோடு உள்ளே விழுந்தார், ஓடிக்கொண்டிருந்த இரண்டு தறிகளுக்கு நடுவில். உயிர் தப்பியது. இடுப்பெலும்பு முறிந்ததால் இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார்.

அவர் பார்த்து நடந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னால் அதை ஏற்கவே முடியவில்லை. 15 அடி உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு வினாடிகூட ஆகாது. வந்து மோதும்போது மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம். அந்த நேரத்தில் எதைப் பிடிப்பது?

வெயிலும் மழையும் பட்டுப் பழசான சிமென்ட் ஷீட் பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே இற்றுப் போயிருக்கும். போல்ட் வரிசைக்குக் கீழே இரும்புச் சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அது ஒரு கையகல அகலம்கூட இல்லை. கால் கொஞ்சம் விலகினால் மொத்தப் பாரமும் ஷீட்டில்தான். அதைவிட மோசம், வெளிச்சத்துக்குப் போடும் பிளாஸ்டிக் ஷீட். நூல் தூசியும் பாசியும் படிந்துவிட்டால் அதையும் சிமென்ட் ஷீட்டையும் பிரித்தே பார்க்க முடியாது. எங்கள் கூடத்தில் உடைந்தது அதுதான்.

அரசாங்கச் சட்டமும் ஷீட் மாற்றுகிறவர்களைக் கைவிட்டது. 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் என்று எழுதினார்கள். ஷீட் மாற்ற வருவது ஒருவர், கூட ஒரு கையாள். அப்போ பொறுப்பு வேலைக்குக் கூப்பிட்ட நம்முடையதுதானே?

முதலில், ஏற வேண்டுமா என்று கேளுங்கள். பல ஷீட்டுகளைக் கீழிருந்தே சாரம் கட்டி மாற்றலாம். ஏறியே ஆக வேண்டுமென்றால், இரண்டு இரும்புச் சட்டங்களுக்காவது எட்டுகிற நீளப் பலகை போட்டு அதன்மேல் மட்டும் நடக்க வேண்டும். அடியில் வலை கட்ட வேண்டும். தறியை நிறுத்த வேண்டும், கூலி நட்டம் பார்க்கக் கூடாது. உடம்பு முழுக்க மாட்டுகிற பெல்ட்டும் வேண்டும், ஆனால் அதன் கயிற்றைக் கூரையைத் தாங்கும் இரும்பு ட்ரஸ்ஸில் கட்டினால்தான் பயன். ஷீட்டின் போல்ட்டில் கட்டியதையும் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறியது. பெல்ட்டில் தொங்குகிறவரை உடனே இறக்கவும் ஆள் வேண்டும். நேரம் போனால் கால்களில் ரத்தம் தேங்கி அதுவே உயிருக்கு ஆபத்து.

இப்போது எங்கள் கூடத்தில் பலகை, வலை, பெல்ட் மூன்றும் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஷீட் வேலை இருந்தால் வந்து எடுத்துப் போங்கள். வாடகை வேண்டாம்.