எங்கள் வீட்டை ஏலம் போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

பெசன்ட் நகரில் அப்பா கட்டிய வீடு, ஒன்றரை கிரவுண்டு. அவர் போன பிறகு அம்மாவால் அங்கே தனியாகச் சமாளிக்க முடியவில்லை, விற்றுவிடலாம் என்று குடும்பமாகப் பேசி முடிவெடுத்தோம். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரே ஒரு ஏஜென்டிடம் விஷயத்தைச் சொன்னோம். அவ்வளவுதான். அவர் அதைத் தன் வாட்ஸ்அப் குழுவில் போட, அங்கிருந்து இன்னொரு குழு, அங்கிருந்து ஊர் முழுக்க. இன்று சென்னையில் 'லக்சுரி பிராப்பர்ட்டி' என்று போர்டு வைத்திருக்கிற அத்தனை பேர் கையிலும் அம்மாவின் நம்பர் இருக்கிறது.

விற்பனைத் தளங்களில் தேடிப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரே வீடு, ஆளுக்கொரு விலை. நாங்கள் சொன்னதைவிட ஒரு கோடி குறைத்து ஒருவர் போட்டிருக்கிறார். கேட்டால், 'அது சும்மா பார்ட்டியை உள்ளே இழுக்கத்தான் மேடம்' என்கிறார். ஒன்றரை கோடி கூட்டி இன்னொருவர் போட்டிருக்கிறார். எங்களிடம் பேசாமலேயே 'டைரக்ட் ஓனர்' என்று ஒருவர். இதனால் யாருக்கு நஷ்டம்? நிஜமாகவே வாங்க நினைக்கிற ஆள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது, அதனால்தான் இத்தனை பேர் இத்தனை விலைக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று ஒதுங்கிவிடுகிறார். ஒருவர் அதை என்னிடமே நேராகச் சொன்னார்.

இவர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பது கணக்குப் போட்டால் புரியும். வழக்கமான கமிஷன் ஒரு பக்கம் 1 சதவீதம். எட்டு கோடி வீடு என்றால் 8 லட்சம், விற்பவர் வாங்குபவர் இரண்டு பக்கமும் பிடித்தால் 16 லட்சம். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கே மனையின் பரப்பைப்போல 2 மடங்கு கட்டலாம். அதனால் அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் பழைய தனி வீடு எது விலைக்கு வந்தாலும் பில்டர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மெட்ரோ வேலையைக் காட்டியும் விலையை ஏற்றுகிறார்கள். சரி, தொழில் என்றால் போட்டி இருக்கும். ஆனால் போட்டி போட்டு நல்ல விலை வாங்கிக் கொடுத்தால் பரவாயில்லை. இவர்கள் போட்டி போடுவது பார்ட்டியை யார் முதலில் மடக்குவது என்பதில் மட்டும்தான்.

அந்த வீடியோ விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெரிய கம்பெனி ஆட்கள் என்று இரண்டு பையன்கள் வந்தார்கள். கோட்டு, ஷூ, பளபளவென்று ஒரு ஃபைல். வீட்டைச் சுற்றிப் பார்க்கிறோம் என்றவர்கள் கூடத்தில் நின்று செல்போனில் எடுக்க ஆரம்பித்தார்கள். சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஒருவன், 'அம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, ஃப்ரேம்ல வர்றீங்க' என்றான். அவர் வீட்டில், அவர் சோபாவில்! மறுநாள் அது பின்னணி இசையோடு ரீல்ஸாக வந்துவிட்டது. பூஜை அறை, மாலை போட்ட அப்பாவின் படம், வாசலில் கதவு எண், எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வயதானவர் தனியாக இருக்கிற வீடு என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அந்த வீடியோவை நீக்கச் சொல்லிப் போன் செய்தால், 'நல்ல ரீச் போயிட்டிருக்கு மேடம்' என்று என்னிடம் பெருமையாகச் சொல்கிறான். எனக்குக் கை நடுங்கியது.

அப்புறம் அந்த வாசல் சண்டை. ஒரு பார்ட்டி ஒரு ஏஜென்டோடு வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். கமிஷனைக் குறைத்துக்கொள்கிறேன் என்று இன்னொருவர் அவரை இரண்டாவது தடவை கூட்டிக்கொண்டு வந்தார். முதல் ஆளுக்கு எப்படியோ தகவல் போய், அவரும் வந்து நின்றுவிட்டார். 'என் பார்ட்டி', 'நான்தான் முதல்ல காட்டினேன்' என்று தெருவே வேடிக்கை பார்க்கிற அளவுக்குக் கத்தல். வாங்க வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் கார் ஏறிப் போய்விட்டார், அதற்குப் பிறகு வரவே இல்லை. அதற்காக வருத்தம் தெரிவித்தார்களா? இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாகப் போன் போட்டு, அவர் என் பார்ட்டிதான் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

சட்டம் எங்கே என்று கேட்பீர்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு ஏஜென்ட்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்தப் பிரிவு, பதிவான திட்டங்களில் பில்டர் விற்கிற மனை, ஃபிளாட்டுக்கு மட்டும்தான். அப்பா கட்டிய வீட்டை அம்மா விற்றால் அது அதற்குள் வராது. கோடிக்கணக்கில் பணம் கைமாறுகிற இந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் கோட்டு மாட்டிக்கொண்டு ஏஜென்ட் ஆகலாம்.

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பழைய ஆள் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். உட்கார்ந்ததும் விலையைக் கேட்கவில்லை, மூலப்பத்திரத்தைக் கேட்டார். வில்லங்கச் சான்றிதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருப்பதைக் காட்டி, 'வாரிசுச் சான்றிதழ் வாங்கி இதை முதல்ல மாத்துங்கம்மா, இல்லேன்னா ரிஜிஸ்ட்ரேஷன் நேரத்துல பார்ட்டி விலையை அடிச்சுக் குறைப்பான்' என்றார். அதுவரை வந்து போன எந்த லக்சுரி ஏஜென்டும் ஒரு காகிதத்தைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் கேட்பதும் அதே 1 சதவீதம்தான்.

உரிமையாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் எந்த வீட்டையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அரசு ஒரு விதி கொண்டுவர வேண்டும். பழைய வீடு விற்பனைக்கும் ஏஜென்ட் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, எங்கள் வீட்டின் படத்தைப் போட்டு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் சொல்கிறேன்: இன்றே எடுத்துவிடுங்கள். அம்மா நம்பருக்கு இனிமேல் ஒரு அழைப்பு வந்தாலும், தொல்லை அழைப்புகளுக்கான 1909 எண்ணில் புகார் கொடுப்பதோடு நிற்க மாட்டேன், வக்கீல் நோட்டீஸும் வரும்.