யோங்லேவுக்குப் பின்னும் ஒரு பயணம் உண்டு

சீனாவின் மிங் வம்சப் பேரரசர் யோங்லே 1424இல் மறைந்ததோடு, அவருடைய கடற்படைத் தளபதி செங் ஹேயின் கடற்பயணங்களும் முடிந்துவிட்டன என்று இங்கே பலரும் பகிர்ந்து வருகிறார்கள். அது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். அடுத்து வந்த ஹோங்சி பயணங்களை நிறுத்த ஆணையிட்டது உண்மைதான். ஆனால் அவர் ஓராண்டுகூட ஆளவில்லை. அவருடைய மகன் சுவாண்டே 1430இல் புதிய ஆணை பிறப்பிக்க, ஏழாவது பயணம் பாரசீக வளைகுடாவின் வாயிலிலுள்ள ஹோர்முஸ் வரை சென்று 1433இல் திரும்பியது. ஐயமுள்ளவர்கள், ஃபூஜியான் மாகாணத்துச் சாங்லேயில் செங் ஹேயே நாட்டிய கல்வெட்டின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படிக்கலாம். முந்தைய பயணங்களை ஆண்டுவாரியாகச் சொல்லும் அக்கல், சுவாண்டேயின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1431இல், கப்பல்கள் நங்கூரமிட்டு வடகாற்றுக்காகக் காத்து நிற்பதையும் பதிவு செய்கிறது. ஆண்டைச் சரிபார்க்க அந்த ஒரு வரியே போதும்.